ஃபார்முலாவில் ரேஞ்ச் தானாக நீள்கிறது, ஆனால் கடைசி வரிசைகள் விடுபடுகின்றன. ஏன்?

எக்செலில் பட்டியல் வளர வளர ரேஞ்சும் (ஃபார்முலா எடுத்துக்கொள்ளும் செல்களின் பகுதி) நீள வேண்டும் என்று, பகுதியைக் குறிக்கும் ஆஃப்செட், செல்களை எண்ணும் கவுண்ட்ஏ ஆகிய இரண்டு ஃபங்ஷன்களையும் சேர்த்து எழுதி, அந்த ரேஞ்சுக்கு ஒரு பெயர் வைத்திருக்கிறீர்கள். கடைசி இரண்டு வரிசை மட்டும் கூட்டுத்தொகையில் சேரவில்லை, பிழைச் செய்தியும் இல்லை. அந்த நெடுவரிசையில் நடுவே இரண்டு செல் காலியாக இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். பெரும்பாலும் இருக்கும்.

கவுண்ட்ஏ கடைசி வரிசையைத் தேடுவதில்லை. நிரம்பிய செல்கள் எத்தனை என்று எண்ணுகிறது, அவ்வளவுதான். ஏ1-இல் தலைப்பு, தரவு ஏ2 முதல் ஏ41 வரை, அதாவது 40 வரிசை என்று வைத்துக்கொள்வோம். இடையில் இரண்டு காலி என்றால் தலைப்பைக் கழித்தபின் 38 வரும். ரேஞ்ச் ஏ39-இல் நின்றுவிடும். தவறு நடுவில், விடுபடுவது அடியில். அதனால்தான் எளிதில் பிடிபடுவதில்லை.

இதற்கு நேர் எதிரான சிக்கலும் உண்டு. வெற்று உரையை ("") விடையாகத் தரும் ஃபார்முலாக்கள் கண்ணுக்குக் காலியாகத் தெரியும், கவுண்ட்ஏ அவற்றையும் எண்ணிவிடும். அப்போது ரேஞ்ச் தேவைக்கு மேல் நீண்டு, டிராப்டவுன் பட்டியலின் அடியில் வெற்று வரிகள் தொங்கும்.

எதையும் திருத்துவதற்கு முன் ரேஞ்சைக் கண்ணால் பாருங்கள். எக்செலில் கண்ட்ரோல்+எஃப்3 அழுத்தி, உங்கள் பெயரைத் தேர்ந்து, கீழே ஃபார்முலா இருக்கும் பெட்டியில் கிளிக் செய்தால் அது பிடிக்கும் பகுதியைச் சுற்றி ஓடும் கோடு தெரியும். எங்கே நிற்கிறது என்று அங்கேயே புரிந்துவிடும். செல்லில் எழுதிய ஃபார்முலாவாக இருந்தால் கவுண்ட்ஏ பகுதியை மட்டும் தேர்ந்து எஃப்9 அழுத்துங்கள், எண் தெரியும். பார்த்ததும் எஸ்கேப் அழுத்தி வெளியே வாருங்கள். என்டர் தட்டினால் அந்த எண்ணே ஃபார்முலாவில் நிலைத்துவிடும்.

சரி, திருத்துவது எப்படி? எண்கள் உள்ள நெடுவரிசை என்றால் இப்படி எழுதலாம் (எக்செலில் தட்டும்போது எல்லாம் ஆங்கில எழுத்தில்):

=$ஏ$2:இண்டெக்ஸ்($ஏ:$ஏ, மேட்ச்(10^300, $ஏ:$ஏ))

இவ்வளவு பெரிய எண் பட்டியலில் இருக்காது என்பதால் மேட்ச் கடைசி எண் இருக்கும் வரிசையைத் தரும், இண்டெக்ஸ் அந்த வரிசையின் செல் வரை ரேஞ்சைக் கொண்டுபோகும். காலி செல், வெற்று உரை எதையும் பொருட்படுத்தாது. டாலர் குறிகளை விட்டுவிடாதீர்கள், இல்லையென்றால் பெயரைப் பயன்படுத்தும் செல்லைப் பொறுத்து ரேஞ்ச் நகரும். அதே நெடுவரிசையின் அடியில் கூட்டுத்தொகை வைத்திருந்தால் அதையும் வேறு இடத்துக்கு மாற்றிவிடுங்கள். இன்னொரு லாபம்: ஆஃப்செட் ஷீட்டில் எங்கே எதை மாற்றினாலும் மறுபடி கணக்கிடும். பெரிய கோப்பில் அந்த மந்தம் நன்றாகவே தெரியும்.

என்னைக் கேட்டால், புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதெல்லாம் இல்லாமல் கண்ட்ரோல்+டி அழுத்தி டேபிளாக மாற்றிவிடுவதே நல்லது. அடியில் புது வரிசை சேர்த்தால் தானே நீளும். ஷீட்டைப் பூட்டி வைத்திருந்தால் நீளாது. கூகுள் ஷீட்ஸில் ஏ2:ஏ என்று முடிவைத் திறந்து விட்டாலே பல இடங்களில் வேலை முடிந்துவிடும்.

அப்புறம், நிபந்தனைகளுக்குப் பொருந்துவதை மட்டும் கூட்டும் சம்இஃப்ஸ் திடீரென்று வேல்யூ பிழை காட்டினால், ஒவ்வொரு நெடுவரிசையின் நீளத்தையும் தனித்தனியாக எண்ணுகிறீர்களா என்று பாருங்கள். ஒன்று 38, மற்றொன்று 40 என்றால் அது ஏற்காது. தேதி போல எப்போதும் நிரம்பியிருக்கும் ஒரு நெடுவரிசையில் மட்டும் எண்ணி, அந்த நீளத்தையே எல்லாவற்றுக்கும் கொடுங்கள்.