பெல்ஜியத்தின் டூல் கிராமம் ஏன் காலியாகக் கிடக்கிறது?

அணு உலைக்குப் பயந்து ஊரே ஓடிவிட்டதா என்று கேட்டிருக்கிறீர்கள். படங்களைப் பார்த்தால் அப்படித்தான் தோன்றும். உண்மையான காரணம் துறைமுகம்.

டூல், ஆன்ட்வெர்ப் என்ற துறைமுக நகரத்துக்கு வடமேற்கே ஸ்கெல்ட் ஆற்றின் இடக்கரையில் இருக்கிறது. கடல் ஏற்றவற்றம் இந்த ஆற்றில் ஆன்ட்வெர்ப்பையும் தாண்டி உள்ளே ஏறும். அதனால் சுற்றுவட்டார நிலம் முழுக்கக் கரை கட்டி ஆற்றிடமிருந்து மீட்டெடுத்தது. 1580களில் ஸ்பெயின் படை ஆன்ட்வெர்ப்பை முற்றுகையிட்டபோது நகரத்தைக் காத்தவர்கள் தற்காப்புக்காகக் கரைகளை வேண்டுமென்றே உடைத்து இந்தப் பகுதியை மூழ்கடித்தார்கள். அப்புறம் 1614 வாக்கில் மறுபடியும் கரை எழுப்பி, சதுரங்கப் பலகை போல நேர்நேரான தெருக்களோடு ஊரை அமைத்தார்கள். அந்த அமைப்பு இன்னும் அப்படியே இருக்கிறது. ஆற்றங்கரை மேலேயே ஒரு பழைய காற்றாலையும் நிற்கிறது.

சரி, சிக்கல் எப்போது வந்தது? ஆன்ட்வெர்ப் துறைமுகம் 1960களில் இடக்கரைக்கும் விரியத் தொடங்கியது. ஊர் இருக்குமா, போகுமா என்று அரசு பல பத்தாண்டுகள் மாற்றி மாற்றிச் சொன்னது. என்னைக் கேட்டால், ஊரைக் கொன்றது இந்த இழுபறிதான். பக்கத்திலேயே 2005இல் டூர்காங்க் கப்பல்துறை திறந்தது. வீடுகளை விற்றுவிட்டுப் பெரும்பாலானோர் கிளம்பினார்கள். ஆயிரம் பேருக்கு மேல் இருந்த ஊரில் சில பத்துப் பேர்தான் மிச்சம். காலி வீடுகளின் சுவர்களில் ஓவியர்கள் வரைந்து தள்ளினார்கள்.

அணுமின் நிலையம் 1970களின் நடுவில் வந்தது. அதற்குப் பிறகும் மக்கள் அங்கே வாழ்ந்தார்கள். ஊரை இடிக்க வேண்டாம் என்று 2022இல் உடன்பாடு ஆகிவிட்டது.