புது தேசியக் கால்பந்து ஸ்டேடியம்: வரைபடத்தில் எதைப் பார்ப்பது?

கேள்வி: எங்கள் நாட்டில் புதிய தேசியக் கால்பந்து ஸ்டேடியம் கட்டப்போகிறார்கள். 60,000 இருக்கைகள், மைதானத்தைச் சுற்றி தடகள ஓடுபாதை, எல்லா இருக்கைகளுக்கும் கூரை என்று திட்டம் வெளியாகியிருக்கிறது. பொதுமக்கள் கருத்துச் சொல்ல ஒரு மாத அவகாசம் உண்டு. ரசிகர் குழுவின் சார்பில் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்திருக்கிறது. எனக்கு வரைபடம் படிக்கத் தெரியாது. எதைப் பார்க்க வேண்டும், என்ன கேட்க வேண்டும்?

பதில்: முதலில் அந்த வண்ணப் படத்தை ஓரமாக வையுங்கள். வானத்திலிருந்து பார்ப்பதுபோல் வரைந்திருப்பார்கள். அந்த உயரத்தில் உட்கார்ந்து யாரும் மேட்ச் பார்க்கப்போவதில்லை. நீங்கள் தேட வேண்டியது ‘குறுக்குவெட்டு’ என்று தலைப்பிட்ட தாள். கேலரியை மேலிருந்து கீழாக அறுத்துப் பக்கவாட்டில் நின்று பார்த்தால் படிக்கட்டு மாதிரி வரிசைகள் தெரியும் அல்லவா, அந்தப் படம். இரண்டு குறுக்குவெட்டுகள் இருக்கும்: ஒன்று மைதானத்தின் நீளப் பக்கம், மற்றொன்று கோல் போஸ்ட்டுக்குப் பின்பக்கம். இரண்டாவதைத்தான் முதலில் எடுக்க வேண்டும். காரணம், அந்த ஓடுபாதை.

கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். சர்வதேச ஆட்டத்துக்கான மைதானம் 105 மீட்டர் நீளம், 68 மீட்டர் அகலம். வழக்கமான 400 மீட்டர் ஓடுபாதையின் உட்பகுதி ஏறத்தாழ 157 மீட்டர் நீளம், 73 மீட்டர் அகலம். அதற்கு வெளியே எட்டுத் தடங்கள், தடம் ஒன்றுக்கு 1.22 மீட்டர். நீளப் பக்கத்தில் இழப்பு குறைவு: கோட்டிலிருந்து 12 மீட்டரில் கேலரியைத் தொடங்கிவிடலாம். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால்தான் பிரச்சினை. அங்கே கோல் கோட்டிலிருந்து ஓடுபாதையின் வெளி விளிம்புவரை கிட்டத்தட்ட 36 மீட்டர். ஓடுபாதை இல்லாவிட்டால் 10 மீட்டர் போதும். ஒரு வரிசைக்கு 80 சென்டிமீட்டர் என்று வைத்தால், இந்த 26 மீட்டர் வித்தியாசம் 32 வரிசைகளுக்குச் சமம். முதல் வரிசை டிக்கெட் வாங்கியவர் 33ஆவது வரிசையில் இருப்பவரின் தூரத்தில் உட்கார்ந்திருப்பார், அதுவும் அந்த வரிசையின் உயரம் இல்லாமல். பாட்டும் கொட்டும் எழும்புவது கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் நிற்கும் கூட்டத்திடமிருந்துதான். அவர்களைத் தள்ளி உட்காரவைத்தால் ஸ்டேடியத்தின் உயிரே போய்விடும்.

இத்தாலியின் டூரினில் 1990 உலகக் கோப்பைக்காக ஓடுபாதையோடு ஒரு பெரிய ஸ்டேடியம் கட்டினார்கள். ரசிகர்களுக்கு அது ஒட்டவே இல்லை. இருபது வருடம்கூட நிறைவாக ஓடவில்லை. இடித்துவிட்டு, அதே இடத்தில் யுவென்டஸ் அணி ஓடுபாதை இல்லாத, சுமார் 41,000 பேர் அமரும் ஸ்டேடியத்தை 2011இல் திறந்தது. இருக்கை குறைந்தது, சத்தம் கூடியது.

“நகரும் கேலரி வைத்துவிடலாம்” என்று பதில் வரக்கூடும். பாரிஸ் அருகே 1998இல் திறந்த ஸ்டாட் டு பிரான்ஸ் அப்படித்தான் இயங்குகிறது: கீழடுக்கு பின்னால் நகர்ந்து ஓடுபாதையை வெளிக்காட்டும். முதல் நாளிலிருந்தே அதற்காக வடிவமைத்தால் சாத்தியம்தான். ஆனால் லண்டன் ஒலிம்பிக் ஸ்டேடியத்தில் பிற்பாடு சேர்த்த நகரும் இருக்கைகளுக்கு ஆண்டுதோறும் பல மில்லியன் பவுண்டு செலவாகிறது. அந்தச் செலவு யார் தலையில் என்று எழுத்தில் கேளுங்கள்.

அடுத்தது பார்வைக் கோடு. உங்கள் கண்ணிலிருந்து மைதானத்தின் ஓரக் கோட்டுக்கு ஒரு நூல் கட்டினால், அது முன்வரிசைக்காரரின் கண்ணுக்கு எவ்வளவு மேலே போகிறது என்பதை ‘சி-மதிப்பு’ என்பார்கள். 90 மில்லிமீட்டர் நல்லது, 120 மிக நல்லது, 60க்குக் கீழே ஏற்கக் கூடாது. ஒவ்வோர் அடுக்குக்கும் தனித்தனியாகக் கேளுங்கள். சராசரியைக் கொடுத்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அப்புறம், சக்கர நாற்காலி இடங்களுக்கு இந்தக் கணக்கு போதாது. கோல் விழுந்ததும் முன்னால் இருப்பவர்கள் எழுந்து நிற்பார்கள். நிற்கும் ஆளின் தலைக்கு மேல் தெரிகிறதா என்று அங்கே பார்க்க வேண்டும். பல திட்டங்களில் இதை மறந்தேவிடுகிறார்கள். ஆட்டத்தின் மிக முக்கியமான நொடியில் ஒருவருக்கு முதுகுகள் மட்டும் தெரிவது பெரிய அநியாயம்.

வெளியேறும் வழிக்கு வருவோம். பிரிட்டிஷ் பாதுகாப்பு வழிகாட்டி ஓர் அளவு வைத்திருக்கிறது: சமதளத்தில் ஒரு மீட்டர் அகலத்தில் நிமிடத்துக்கு 82 பேர், படிக்கட்டில் 66 பேர். 60,000 பேர் எட்டு நிமிடத்தில் வெளியேற வேண்டுமானால் சமதள வாசல்கள் மொத்தமாக 92 மீட்டர் அகலம் இருக்க வேண்டும், படிக்கட்டுகள் 114 மீட்டர். வரைபடத்தில் வாசல்களின் அகலத்தைக் கூட்டிப் பாருங்கள். கூரை எவ்வளவு அழகாக இருந்தாலும் இந்தக் கூட்டல் சரியாக வராவிட்டால் திட்டத்தைத் திருப்பி அனுப்ப வேண்டும். 2022இல் இந்தோனேசியாவின் கஞ்சுருஹான் ஸ்டேடியத்தில் கண்ணீர்ப்புகைக்குப் பயந்து ஓடிய கூட்டம் குறுகலான வாசல்களில் நெரிந்து, 135 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் சிறுவர்கள்.

முழுக் கூரை மழைக்கு நல்லது, புல்லுக்குக் கெட்டது. வெயிலும் காற்றும் இல்லாமல் புல் வேர் பிடிக்காது. லண்டனின் புதிய வெம்ப்லி ஸ்டேடியம் 2007இல் திறந்த பிறகு முதல் சில ஆண்டுகளிலேயே பத்து முறைக்கு மேல் புல்தரையை மாற்ற வேண்டியிருந்தது. கூரையின் உள்விளிம்பு ஒளி புகும் பொருளால் ஆனதா, மூலைகளில் காற்று வர வழி இருக்கிறதா, செயற்கை வளர்ப்பு விளக்குகளுக்குப் பணம் ஒதுக்கியிருக்கிறார்களா என்று கேட்டால் போதும்.

பணம் பற்றி ஒரே ஒரு கேள்வி: மற்ற நாட்களில் யார் விளையாடுவார்கள்? தேசிய அணி சொந்த மண்ணில் ஆடுவது வருடத்துக்கு ஒரு கை விரல்களில் எண்ணிவிடலாம். பிரேசிலின் தலைநகர் பிரேசிலியாவில் 2014 உலகக் கோப்பைக்குக் கட்டிய மாபெரும் ஸ்டேடியத்தை நிரப்ப அந்த நகரில் பெரிய அணி இல்லை; அடுத்த ஆண்டே அதன் வளாகம் பேருந்து நிறுத்தமானது. நிரந்தரமாக ஆடப்போகும் அணியின் பெயர் அறிக்கையில் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால், 40,000 இருக்கையில் தொடங்கி, தேவைப்பட்டால் விரிவாக்க இடம் விடச் சொல்லுங்கள். நானாக இருந்தால் அதைத்தான் கேட்பேன்.

சரி, கடிதத்தை எப்படித் தொடங்குவது? ஸ்டேடியத்திலேயே மோசமான இருக்கையில் இருந்து தொடங்குங்கள். கோல் போஸ்ட்டுக்குப் பின்னால் கடைசி வரிசையிலிருந்து எதிர் மூலைக் கொடிக்கு எத்தனை மீட்டர்? 190 மீட்டர்தான் உச்ச வரம்பு. அதைத் தாண்டினால் பந்து கண்ணுக்குச் சரியாகத் தெரியாது. ஓடுபாதையோடு 60 வரிசை வைத்தால் உயரத்தைச் சேர்க்காமலே 192 வருகிறது. ஓடுபாதை இல்லாவிட்டால் 167. இந்த இரண்டு எண்களையும் கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுங்கள்.