இன்ஜின் ஓடும்போது மட்டும் கியர் விழவில்லையா?

கேள்வி: இருபது வருடம் தாண்டிய ஃபோர் வீல் டிரைவ் வண்டி வைத்திருக்கிறேன், ஐந்து கியர், மேனுவல். சில வாரங்களாக நின்ற இடத்தில் முதல் கியரும் ரிவர்ஸும் விழ மறுக்கின்றன, ரிவர்ஸ் போட்டால் கரகரவென்று சத்தம் வேறு. வண்டி ஓட ஆரம்பித்துவிட்டால் மூன்றும் நான்கும் பரவாயில்லை. கிளட்ச் பெடலை இரண்டு தடவை மிதித்தால் சில நேரம் சட்டென்று விழுந்துவிடுகிறது. கியர்பாக்ஸை இறக்கிப் பார்த்தால்தான் தெரியும் என்கிறார் மெக்கானிக். இறக்கத்தான் வேண்டுமா?

பதில்: இப்போதைக்கு இறக்காதீர்கள். "இரண்டு தடவை மிதித்தால் விழுந்துவிடுகிறது" என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த வரியிலேயே பாதி விடை இருக்கிறது. கியர்பாக்ஸ் உள்ளே பல் தேய்ந்திருந்தால் பெடலை எத்தனை தடவை மிதித்தாலும் அதற்கு ஒன்றும் ஆகப்போவதில்லை. பழைய வண்டி என்றதுமே "கியர்பாக்ஸ் போச்சு" என்று சொல்லிவிடுவது எனக்குக் கொஞ்சமும் பிடிக்காத பழக்கம், ஏனென்றால் பல நேரம் கோளாறு அதற்கு வெளியேதான் இருக்கிறது.

முதலில் சமதளத்தில் ஹேண்ட் பிரேக் போட்டு, இன்ஜினை அணைத்துவிட்டு, கிளட்சை மிதித்து எல்லா கியரையும் ஒவ்வொன்றாகப் போட்டுப் பாருங்கள். ஏதாவது ஒன்று இடித்து நின்றால் பயப்பட வேண்டாம், பல்லுக்கு எதிரே பல் நிற்கிறது என்று அர்த்தம், வண்டியை லேசாக முன்னும் பின்னும் அசைத்தால் விழுந்துவிடும். இன்ஜின் அணைந்திருக்கும்போது எல்லாம் வழுக்கிக்கொண்டு விழுந்து, இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடித்தால், கிளட்ச் முழுதாக விடுபடவில்லை, அதாவது பெடலை மிதித்தும் இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸ் பிரியவில்லை என்றுதான் முதலில் சந்தேகப்பட வேண்டும்.

அடுத்து ரிவர்ஸ். பழைய கியர் பெட்டிகள் பலவற்றில் ரிவர்ஸுக்கு சிங்க்ரோ (கியர் விழும் முன் இரண்டு பக்க வேகத்தையும் சமமாக்கும் அமைப்பு) கிடையாது, அதனால் உள்ளே சுற்றிக்கொண்டிருக்கும் ஷாஃப்ட் தானாக நின்ற பிறகுதான் அது சத்தமில்லாமல் விழும். இன்ஜின் ஐடிலில் இருக்க, நியூட்ரலில் வைத்து, கிளட்சை அடிவரை மிதித்து மனதுக்குள் ஐந்து எண்ணிவிட்டு ரிவர்ஸ் போடுங்கள். அப்போதும் கரகரத்தால் ஷாஃப்ட் நிற்கவில்லை, கிளட்ச் பிளேட் அதை இன்னும் இழுத்துக்கொண்டே இருக்கிறது. ஐடில் வேகம் அளவுக்கு மேல் இருந்தாலும் இந்தத் தொல்லை கூடும், அதையும் கையோடு பார்த்துவிடுங்கள்.

சரி, கிளட்ச் ஏன் விடுபடவில்லை? உங்கள் வண்டியில் ஹைட்ராலிக் கிளட்ச் (ஆயில் அழுத்தத்தால் இயங்குவது) என்றால், பெடலை அடித்தால் சரியாகிறது என்பதால் லைனில் ஏர் பிடித்திருக்கலாம், அல்லது பெடல் பக்கம் இருக்கும் மாஸ்டர் சிலிண்டரிலோ கியர்பாக்ஸ் பக்கம் இருக்கும் ஸ்லேவ் சிலிண்டரிலோ ரப்பர் தேய்ந்திருக்கலாம். பெடலுக்கு மேலே, டாஷ்போர்டுக்கு அடியில் கைவிட்டுத் தடவிப் பாருங்கள், ஈரம் இருந்தால் மாஸ்டர் ஒழுகுகிறது. கீழே ஸ்லேவ் சிலிண்டரின் ரப்பர் மூடியை விலக்குங்கள், ஆயில் வழிந்தால் அதுதான் ஆள். இதில் பலர் ஏமாறுகிற இடம் ஒன்று உண்டு: மாஸ்டர் சிலிண்டர் உள்ளுக்குள்ளேயே கசிந்தால் வெளியே ஒரு சொட்டு வராது, கிளட்ச் ஆயில் டப்பாவில் மட்டமும் இறங்காது. அதைப் பிடிக்க, முன்னால் ஆளோ சுவரோ இல்லாத காலியான சமதளத்தில், ஒரு கால் பிரேக் பக்கத்தில் தயாராக இருக்க, இன்ஜினை ஓடவிட்டு முதல் கியரில் கிளட்சை மிதித்தபடியே அரை நிமிடம் இருங்கள். காலை எடுக்காமலேயே வண்டி மெல்ல நகரப் பார்த்தால் அழுத்தம் உள்ளே கழிந்துகொண்டிருக்கிறது.

பெடலுக்கு அடியில் கால்மிதி மடிந்து கிடக்கிறதா என்றும் பாருங்கள், அது தடுத்தால் பெடல் அடிவரை போகாது. டப்பாவில் ஆயில் கறுத்திருந்தால் முழுதாக மாற்றுங்கள், வண்டிப் புத்தகம் சொல்கிற டாட் 3 அல்லது டாட் 4 (பிரேக் ஆயில் வகைகள்) மட்டும், இன்ஜின் ஆயிலை ஒரு சொட்டுகூட விட்டுவிடாதீர்கள், ரப்பர் எல்லாம் ஊதிப்போகும்.

இதெல்லாம் செய்த பிறகு ஒருவர் பெடலை மிதிக்க, இன்னொருவர் ஸ்லேவ் சிலிண்டரின் கம்பி எவ்வளவு நகர்கிறது என்று அளந்து புத்தகத்தோடு ஒப்பிடட்டும். கம்பி முழுதாக நகர்ந்தும் ரிவர்ஸ் கரகரத்தால்தான் பெட்டியை இறக்க நியாயம் இருக்கிறது. ரிலீஸ் பேரிங்கைத் தள்ளும் ஃபோர்க் வளைந்திருக்கலாம், கியர்பாக்ஸ் ஷாஃப்டின் முனையைத் தாங்கும் பைலட் பேரிங் இறுகியிருக்கலாம், தண்ணீரில் இறங்கி ஏறிவிட்டு நாள்கணக்கில் நின்ற வண்டியானால் பிளேட் துருப்பிடித்து ஃபிளை வீலோடு ஒட்டியும் இருக்கலாம். அவ்வளவு வேலை செய்து இறக்கிய பிறகு பிளேட்டை மட்டும் மாற்றிவிட்டு ஏற்றாதீர்கள், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங், பைலட் பேரிங் மூன்றையும் சேர்த்து மாற்றுங்கள்.

கேள்வி: என் வண்டியில் இரண்டாவது கியர் மட்டும்தான் பிரச்சினை. மூன்றிலிருந்து இறக்கும்போது கரகரக்கிறது, காலையில் இன்னும் மோசம். கியர் ஆயில் மாற்றிய பிறகுதான் இப்படி.

பதில்: ஒரே ஒரு கியர் என்றால் கிளட்ச் மேல் பழி போட வேண்டாம். என்ன ஆயில் ஊற்றினார்கள் என்று கேளுங்கள். ஜிஎல்-4, ஜிஎல்-5 என்பவை கியர் ஆயிலின் தரப் பிரிவுகள். ஜிஎல்-4 கேட்கிற பெட்டியில் ஜிஎல்-5 ஊற்றியிருந்தால், வழுக்கல் அதிகமாகி சிங்க்ரோ ரிங்குக்குப் பிடிமானம் குறையலாம், சில ஜிஎல்-5 ஆயில்கள் பித்தளை ரிங்கை அரிக்கவும் செய்யும். தேவைக்கு மேல் கெட்டியான ஆயில் என்றால் குளிரில் இறுகி நிற்கும், காலையில் மோசம் என்பது அதோடு பொருந்துகிறது. சில பெட்டிகள் ஆட்டோமேட்டிக் கியருக்கான ஆயிலையே கேட்கும், அதனால் புத்தகத்தைப் பார்க்காமல் எதையும் ஊற்றக் கூடாது.

வடித்த ஆயிலை வெளிச்சத்தில் பாருங்கள். பொன்னிறப் பொடி மின்னினால் சிங்க்ரோ ரிங் தேய்கிறது, இரும்புச் சில்லு கிடந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது, பால் மாதிரி வெளுத்திருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. சரியான ஆயில் ஊற்றி ஓட்டியும் மாறவில்லை என்றால் ரிங் மாற்ற வேண்டிவரும். அதுவரை இரண்டாவதுக்கு இறக்கும்போது நியூட்ரலில் கிளட்சை விட்டு, லேசாக ஆக்ஸிலரேட்டர் கொடுத்து, மறுபடி கிளட்ச் மிதித்துப் போடுங்கள்.

கேள்வி: இன்ஜின் அணைத்தாலும் லீவர் கல் மாதிரி இருக்கிறது, எந்த கியரும் சுலபமாக விழவில்லை.

பதில்: லீவரின் ரப்பர் உறையைக் கழற்றிப் பாருங்கள். காட்டுப் பாதையில் ஓடும் வண்டியில் அதற்கு அடியில் சேறு காய்ந்து கெட்டித்துக் கிடக்கும். சுத்தம் செய்தும் இறுக்கமாகவே இருந்தால் லீவரின் புஷ், கம்பி இணைப்புகள், கியர்பாக்ஸைத் தாங்கும் ரப்பர் மவுண்ட், ஆயில் என்று இதே வரிசையில் போங்கள். மவுண்ட் கிழிந்து பெட்டி சரிந்திருந்தால் லீவர் ஏதாவது ஒரு பக்கம் வண்டியின் பாடியில் உரசிக்கொண்டிருக்கும், கீழே படுத்துப் பார்த்தாலே தெரிந்துவிடும்.