ஆக்சிலேட்டரை விட்டால் அணையும் வண்டி

கேள்வி: எனது பழைய கார்புரேட்டர் பைக், ஐப்பசி அடைமழைக்குப் பிறகு, ஆக்சிலேட்டரை விட்டவுடன் தடுமாறி அணைந்துவிடுகிறது, வேகமாக ஓடும்போது குறையேதும் இல்லை. புதிய பிளக் போட்டும் பயனில்லை. காரணம் என்ன?
– வாசகர், மன்னார்குடி

பதில்: வேகத்தில் குறையில்லை என்று நீங்கள் எழுதியதிலேயே பாதி விடை இருக்கிறது. ஐடிலிங்கில் (ஆக்சிலேட்டர் தராமல் இன்ஜின் ஓடும் நிலையில்) இன்ஜினுக்குத் தேவையான பெட்ரோல், அதைக் காற்றோடு கலந்து தரும் கார்புரேட்டரிலுள்ள பைலட் ஜெட்டின் மயிரிழை போன்ற துளை வழியாகவே வருவதால், அதில் சிறு தூசியோ ஒரு துளி நீரோ அடைத்தாலும் வண்டி நின்றுவிடும். வேகமெடுத்ததும் பெரிய துளையுள்ள மெயின் ஜெட் அக்குறையை மறைத்துவிடும்.

இன்ஜின் நன்கு ஆறிய பின், கார்புரேட்டரின் அடியிலுள்ள வடிதிருகைத் தளர்த்தி, வடியும் பெட்ரோலைக் கண்ணாடி பாட்டிலில் பிடித்துச் சற்று நேரம் அசையாமல் வையுங்கள். (பீடி, சிகரெட் அருகில் வேண்டாம்.) அடியில் முத்துமுத்தாக நீர் திரண்டிருந்தால், டேங்க்கையும் வடித்துச் சுத்தம் செய்ய வேண்டும், மழையில் நனைந்த மூடியின் ரப்பர் வளையத்தையும் பாருங்கள்.

நீர் இல்லையெனில், சூடான இன்ஜினில் சோக்கை (காற்றைக் குறைத்துப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டும் விசையை) பாதி இழுத்துப் பாருங்கள். அப்போது சீராக ஓடினால், பைலட் ஜெட் அடைத்திருக்கலாம், அல்லது கார்புரேட்டரை இன்ஜினோடு இணைக்கும் ரப்பர் வெடித்துக் காற்றை உறிஞ்சலாம். ஜெட்டைக் கம்பியால் குத்தினால் துளை பெரிதாகிவிடும்; கார்புரேட்டர் கிளீனர் தெளித்துக் காற்றடித்தால் போதும். ஐடிலிங் திருகை மட்டும் ஏற்றிவிட்டு அனுப்பும் மெக்கானிக்கிடம் வண்டியை விடாதீர்கள்.