தவறிய ஓர் ஓட்டமும் தவறாத 244 ஆட்டங்களும்: ஜிம் ஸ்டைன்ஸ் பற்றிய கேள்வி பதில்

ஆஸ்திரேலிய விதிக் கால்பந்தைத் தொழிலாகக் கொண்ட ஒருவரின் வாழ்க்கை எப்படி இருக்கும் என்று பலர் கேட்டிருந்தீர்கள். பொதுவாகச் சொன்னால் மனதில் நிற்காது. எனவே, என் மனதுக்கு மிக நெருக்கமான ஒரு வீரரை முன்வைத்தே எல்லாக் கேள்விகளுக்கும் பதில் சொல்கிறேன். அவர் ஜிம் ஸ்டைன்ஸ். 1966இல் அயர்லாந்தின் டப்ளினில் பிறந்தவர், மெல்பர்ன் அணிக்காக 264 ஆட்டங்கள் ஆடியவர்.

கேள்வி: ஐயா, ஆட்டத்தையே நான் பார்த்ததில்லை. இது ரக்பியா, கால்பந்தா?

இரண்டும் இல்லை, தம்பி. கிரிக்கெட் ஆடும் பெரிய நீள்வட்ட மைதானத்தில், குளிர்காலத்தில் ஆடுவது. பக்கத்துக்கு 18 பேர். பந்தும் நீள்வட்டம். காலால் உதைக்கலாம், ஒரு கையில் ஏந்தி, மறுகை விரல்களை மடக்கிக் குத்தி அனுப்பலாம். எறியக் கூடாது. இரு முனைகளிலும் நான்கு நான்கு கம்பங்கள். நடு இரண்டுக்குள் உதைத்தால் 6 புள்ளி, ஓரத்து இடைவெளியில் போனால் 1 புள்ளி. எந்த அணி வீரர் உதைத்ததானாலும், குறைந்தது 15 மீட்டர் வந்த பந்தைக் கீழே விழாமல் பிடித்துவிட்டால் அது 'மார்க்'. பிடித்தவர் யார் தொல்லையும் இல்லாமல் நின்று நிதானமாக உதைக்கலாம். இந்த மார்க்கை மறந்துவிடாதீர்கள், பின்னால் தேவைப்படும்.

கேள்வி: டப்ளின்காரர் மெல்பர்னுக்கு எப்படி வந்தார்?

அயர்லாந்தில் கேலிக் கால்பந்து என்று ஓர் ஆட்டம் உண்டு. அங்கே பந்து உருண்டை, ஆனால் உயரத் தாவிப் பிடிப்பதும், ஓடிக்கொண்டே உதைப்பதும், தோளோடு தோள் மோதுவதும் ஏறக்குறைய இதேதான். மெல்பர்ன் அணியின் அன்றைய பயிற்சியாளர் ரான் பராசி இந்த ஒற்றுமையைக் கவனித்தார். உயரமான ஐரிஷ் இளைஞர்களைத் தேடி அங்கே விளம்பரம் கொடுத்தார்கள், வந்தால் படிக்கவும் உதவுவதாகச் சொன்னார்கள். 1984இல் டப்ளின் இளையோர் அணியோடு அகில அயர்லாந்துக் கோப்பையை வென்றிருந்த ஸ்டைன்ஸ், அதே ஆண்டின் கடைசியில் விமானம் ஏறினார். வயது 18. கேலிக் ஆட்டத்தில் சம்பளம் கிடையாது. இங்கே ஆட்டமும் உண்டு, படிப்பும் உண்டு.

கேள்வி: மெல்பர்னில் குடியேறி ஓராண்டு ஆகிறது. 11 வயது மகனுக்கு இந்த ஆட்டத்தின் மீது ஆசை. தவழும்போதே இந்தப் பந்தைப் பிடித்த பிள்ளைகளோடு இவனால் ஈடுகொடுக்க முடியுமா?

முடியும் அம்மா. ஸ்டைன்ஸ் இந்தப் பந்தைப் பழகத் தொடங்கியபோது உங்கள் மகனைவிட ஏழு வயது மூத்தவர்.

ஆனால் உதைப்பதற்கு மட்டும் நேரம் கொடுங்கள். உருண்டைப் பந்து நம் பிழையைப் பொறுத்துக்கொள்ளும், எப்படி விழுந்தாலும் உருண்டையாகத்தான் விழும். நீள்வட்டப் பந்து பொறுக்காது. பந்தின் இரு பக்கத்திலும் விரல்களை விரித்துப் பிடித்து, இடுப்பு உயரத்துக்குக் கொண்டுவந்து, உதைக்கும் கால் பக்கத்துக் கையால் கடைசி நொடிவரை வழிநடத்திக் கீழே விட வேண்டும். பந்து நிமிர்ந்தபடி விழ வேண்டும். கீழ் முனை பாதத்தின் மேற்புறத்தில் பட்டால், பந்து பின்னோக்கிச் சுழன்றபடி நேராகப் போகும். ஒரு விரற்கடை சாய்ந்தாலும் பக்கவாட்டில் பறந்துவிடும். என் பேரனுக்கு நான் சொல்லிக் கொடுத்தபோது முதல் ஒரு மாதம் உதைக்கவே விடவில்லை, பந்தைக் கீழே விடுவதை மட்டுமே பழக்கினேன்.

ஸ்டைன்ஸும் எடுத்த எடுப்பில் முதல் அணிக்குப் போகவில்லை. 1986இல் அவரை ஒரு படி கீழே இருந்த போட்டியில் ஆட, பிரரான் அணிக்கு அனுப்பிவைத்தார்கள். 1987இல்தான் முதல் அணியில் இடம் கிடைத்தது.

கேள்வி: 1987இல் அவர் செய்த தவறு பற்றி எங்கோ படித்தேன். என்ன நடந்தது?

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

மெல்பர்ன் அணி 1964இல் கோப்பை வென்றதோடு சரி. அதன்பின் 1987 வரை இறுதிச் சுற்றுகளின் வாசலைக்கூட மிதிக்கவில்லை. அந்த ஆண்டு எப்படியோ முட்டி மோதி உள்ளே வந்து, மாபெரும் இறுதிக்கு முந்தைய ஆட்டம்வரை வந்துவிட்டார்கள். வேவர்லி மைதானம், எதிரணி ஹாதோர்ன். கடைசிச் சில நொடிகள். மெல்பர்ன் 4 புள்ளி முன்னிலை. அப்போது ஹாதோர்னின் கேரி பக்கனாராவுக்கு ஒரு தனி உதை கிடைக்கிறது. மார்க் பிடித்தவரைப் போலவே, அவரும் யார் தொல்லையும் இல்லாமல் நின்று உதைக்கலாம். கம்பங்களிலிருந்து ஏறக்குறைய 55 மீட்டர். அவ்வளவு தூரத்திலிருந்து சேர்ப்பது பெரும்பாடு. ஆட்டம் முடிந்ததற்கான சைரனும் ஒலித்துவிட்டது. உதைப்பதற்குத் தடையில்லை, ஆனால் தூரம் மெல்பர்ன் பக்கம் இருந்தது.

அந்த நேரம் ஸ்டைன்ஸ் ஓடுகிறார். தான் காக்க வேண்டிய எதிரணி வீரரைப் பின்தொடர்ந்து, உதைப்பவருக்கும் அவரை மறித்து நிற்பவருக்கும் நடுவே குறுக்கே ஓடிவிடுகிறார். அந்த வழியில் யாரும் போகக் கூடாது. நடுவர் 15 மீட்டர் தண்டம் விதிக்கிறார். 55 மீட்டர் 40 ஆகிறது. பக்கனாரா உதைக்கிறார், பந்து நடுக் கம்பங்களுக்குள் போகிறது. ஹாதோர்ன் 2 புள்ளியில் வெற்றி.

அவர் செய்தது சோம்பேறித்தனம் அல்ல. எதிராளியை விடாமல் பின்தொடர் என்று சொல்லிக் கொடுத்ததைத்தான் செய்தார். கேலிக் ஆட்டத்தில் வளர்ந்த கால்களுக்கு, இந்த வழியில் ஓடக் கூடாது என்ற எச்சரிக்கை இன்னும் இரத்தத்தில் ஊறியிருக்கவில்லை. உடைமாற்றும் அறையில் பயிற்சியாளர் ஜான் நார்தி அவரைக் கடிந்துகொண்டதைத் தொலைக்காட்சிக் கேமரா பதிவு செய்தது. 21 வயது, சொந்த ஊரிலிருந்து உலகத்தின் மறுகோடி, முதல் ஆண்டு. அந்த இடத்தில் நானாக இருந்தால் மறுநாளே டப்ளினுக்கு டிக்கெட் எடுத்திருப்பேன் என்றுதான் தோன்றுகிறது.

கேள்வி: அதன் பிறகு?

அடுத்த ஆண்டும் களத்துக்கு வந்தார். அதற்கடுத்த வாரமும், அதற்கடுத்த வாரமும். 1987க்கும் 1998க்கும் இடையே, ஒன்றைக்கூடத் தவறவிடாமல் தொடர்ந்து 244 ஆட்டங்கள். அதற்குமுன் ரிச்மண்ட் அணியின் ஜாக் டைட்டஸ் தொடர்ச்சியாக இருநூற்றுச் சொச்சம் ஆட்டங்கள் ஆடியதுதான் சாதனை. அது ஐம்பது ஆண்டுக்கும் மேலாக அசையாமல் இருந்தது.

ஸ்டைன்ஸ் ஆடிய இடத்தைச் சொன்னால்தான் இதன் கனம் தெரியும். அவர் 'ரக்மேன்'. அவர் காலத்தில் நடுவர் மைதான நடுவில் பந்தைத் தரையில் ஓங்கி அடித்து மேலே எழுப்புவார். இரு அணிகளின் நெடிய மனிதர்களும் எதிரெதிராக ஓடிவந்து, முழங்காலை உயர்த்திக்கொண்டு தாவி, பந்தைத் தங்கள் ஆட்களிடம் தட்டிவிட வேண்டும். ஒவ்வொரு கோல் விழுந்தபிறகும் இதே மோதல். முழங்கால்களில் காயம் பெருகியதால்தான், 2005இல் ஓடிவரும் தூரத்தைக் குறைத்து வட்டம் போட்டார்கள். வட்டம் வருவதற்கு முந்தைய காலத்தில் ஆடியவர் இவர். 1993இல் விலாவில் பலத்த காயம் பட்டது. அடுத்த வாரமே ஆடினார். கடைசியில், 1998இல் கை எலும்பு முறிந்தபோதுதான் தொடர் நின்றது. அந்த ஆண்டோடு ஓய்வும் பெற்றார்.

கேள்வி: நான் ஒரு மருத்துவர். அடிபட்டும் தொடர்ந்து ஆடுவதை நாம் புகழலாமா?

உங்கள் கேள்வி நியாயமானது. அந்த எண்ணிக்கையை நான் வியக்கிறேன். இன்றைய பிள்ளைகள் அதைத் துரத்தக் கூடாது என்றும் நினைக்கிறேன். தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி என்று கண்டறிந்தால், குறைந்தது 12 நாள் கழித்துத்தான் ஆடலாம் என்பது 2021 முதல் விதி. அப்படியென்றால் அடுத்த வார ஆட்டம் பெரும்பாலும் போய்விடும். ஸ்டைன்ஸுக்கு முந்தைய தலைமுறையின் மாபெரும் ரக்மேன் கிரகாம் 'பாலி' ஃபார்மர் 2019இல் இறந்தபின் அவர் மூளையை ஆராய்ந்தார்கள். திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோய் அதில் இருந்தது. இந்த விதி இன்னும் முன்பே வந்திருக்க வேண்டும்.

கேள்வி: விடாமல் ஆடியது சரி. நன்றாக ஆடினாரா? கோப்பை எதுவும் வெல்லவில்லையே?

வெல்லவில்லை. 1988 மாபெரும் இறுதியில் அதே ஹாதோர்னிடம் 96 புள்ளி வித்தியாசத்தில் தோற்றார்கள்.

ஆனால் 1991இல் பிரவுன்லோ பதக்கம் வென்றார். ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் நடுவர்கள் 3, 2, 1 என்று மூவருக்கு வாக்களிப்பார்கள். ஆண்டு முழுவதும் சேர்ந்த வாக்குகளில் முதலில் வருபவருக்குப் பதக்கம். முறைகேடாக ஆடித் தடை பெற்றவருக்குத் தகுதி கிடையாது. 1924 முதல் தருகிறார்கள். வெளிநாட்டிலிருந்து சேர்க்கப்பட்டு வந்து இதை வென்றவர் ஸ்டைன்ஸ் ஒருவர்தான். அதுவரை ரக்மேன் என்றால் மெல்ல நடந்து வந்து பந்தைத் தட்டிவிடும் மலை. 199 சென்டிமீட்டர் உயரத்தை வைத்துக்கொண்டு, தட்டிவிட்ட பந்தின் பின்னாலேயே ஓடிப்போய் இன்னொரு நடுக்கள வீரரைப் போல ஆடியவர் இவர். கேலிக் ஆட்டம் தந்த மூச்சு அது.

கேள்வி: இன்று ஒரு இளைஞர் தொழில்முறை வீரராக என்ன வழி? இது முழுநேர வேலையா?

ஆண்டு இறுதியில் நடக்கும் டிராஃப்டில், பட்டியலில் கடைசியாக வந்த அணி முதலில் என்ற வரிசையில் இளைஞர்களைத் தேர்ந்தெடுப்பார்கள். எந்த ஊர் என்பது வீரர் கையில் இல்லை. இன்று இது முழுநேர வேலை. ஸ்டைன்ஸ் தொடங்கிய காலத்தில் பெரும்பாலோர் பகலில் வேறு வேலை பார்த்துவிட்டு மாலையில் பயிற்சிக்கு வந்தார்கள். ஸ்டைன்ஸ் ஆடிக்கொண்டே ஆசிரியர் பயிற்சி படித்தார்.

கேள்வி: ஓய்வுக்குப் பிறகு என்ன செய்தார்?

ஓய்வுக்கு முன்பே தொடங்கிவிட்டார். 1994இல் பால் கர்ரியோடு சேர்ந்து 'ரீச்' என்ற அமைப்பை நிறுவி, பதின்வயதுப் பிள்ளைகளைக் கூட்டி வைத்து அவர்கள் மனதில் இருப்பதைப் பேச வைத்தார். அந்த 1987 ஆட்டத்தைப் பற்றித் தானே அவர்களிடம் பேசினார்.

2008இல் கடனில் தத்தளித்த மெல்பர்ன் அணிக்கு நிர்வாகத் தலைவரானார். மறு ஆண்டு தோல் புற்றுநோய் பரவியிருப்பது தெரிந்தது. மூளையில் அறுவை சிகிச்சைகள் செய்துகொண்டே அணிக்காக நிதி திரட்டினார். 2010இல் 50 லட்சம் டாலர் கடன் தீர்ந்தது. 2012 மார்ச் 20 அன்று இறந்தார். வயது 45. விக்டோரியா மாநிலம் அரசு மரியாதையோடு அவரை வழியனுப்பியது.

கேள்வி: அவருடைய சாதனைகள் இன்னும் நிற்கின்றனவா?

244 நீண்ட காலம் நின்றது. 2025இல் காலிங்வுட் அணியின் ஜாக் கிரிஸ்ப் அதைத் தாண்டினார். ஐரிஷ் வீரர்களில் அதிக ஆட்டம் என்ற பெருமையை ஜாக் டூஹி 288 ஆட்டங்களோடு எடுத்துக்கொண்டார். மெல்பர்ன் அணி 57 ஆண்டுக்குப் பின் 2021இல் கோப்பை வென்றது. அதை ஏந்திய ஆட்டக்கள அணித்தலைவர் மேக்ஸ் கான், ஸ்டைன்ஸ் நிர்வாகத் தலைவராக இருந்த 2009இல் டிராஃப்டில் வந்தவர். அவரும் ரக்மேன்தான். முதுகில் ஸ்டைன்ஸ் அணிந்த அதே 11ஆம் எண்.