உள்ளகப் பயிற்சியைக் கொழும்பில் செய்வதா, சொந்த ஊர்ப் பக்கத்திலேயே செய்வதா?

கேள்வி: நான் சுற்றுலா முகாமைத்துவம் படிக்கும் மட்டக்களப்பு மாணவி. ஆறு மாத உள்ளகப் பயிற்சிக்குக் கொழும்பு நட்சத்திர ஹோட்டலுக்கு வருவதா, ஊருக்குப் பக்கத்துக் கடற்கரையான பாசிக்குடாவிலேயே சேர்வதா? இடத்தைப் பொறுத்துக் கற்கும் திறன்கள் மாறுமா?

பதில்: மாறும், நிறையவே மாறும். கொழும்பில் ஒரு ஹோட்டலின் வரவேற்புப் பிரிவில் வேலை செய்கிறேன். பயிற்சிக்கு வரும் மாணவர்கள் பலர் என் மேசையருகே நின்றுதான் பழகுகிறார்கள். அவர்களைப் பார்த்த அளவில் சொல்கிறேன்: நீங்கள் சேரப்போகும் ஹோட்டலில் விருந்தினர் எத்தனை இரவு தங்குகிறார் என்று முதலில் விசாரியுங்கள், நட்சத்திரங்களை அப்புறம் எண்ணலாம்.

கொழும்பில் பெரும்பாலும் ஓரிரு இரவுதான். வியாபார அலுவலாக வருபவர், மாநாட்டுக்கு வருபவர், விடிந்ததும் கண்டிக்கோ தென்கரைக்கோ புறப்படும் குழு. கட்டுநாயக்கவில் நள்ளிரவு தாண்டி இறங்கும் விமானங்கள் நிறைய. 2013இல் அதிவேக வீதி திறந்த பிறகு, இறங்கியவர் சீக்கிரமே நம் வாசலில் நிற்கிறார். அதிகாலை மூன்றரை மணி, தூங்கும் குழந்தையைத் தோளில் போட்டபடி ஒருவர் அறை கேட்கிறார். அறை கொடுப்பது பிற்பகல் இரண்டு மணிக்கு. அவருக்கு ஒதுக்கிய அறையில் வேறொருவர் இன்னும் உறங்குகிறார். ஹவுஸ்கீப்பிங்கில் யாரை எழுப்பி எந்த அறையைக் கேட்பது, அந்த ஒரு இரவுக்கான மேலதிகக் கட்டணத்தை அவர் முகம் சுளிக்காதபடி எப்படிச் சொல்வது, அதுவரை குழந்தையை எங்கே படுக்க வைப்பது? இதை எந்த விரிவுரை மண்டபத்திலும் கற்க முடியாது. வேகமும் நிதானமும் ஒருசேர வேண்டுமென்றால் கொழும்புதான்.

ஆனால் பெரிய ஹோட்டலில் ஒரு பிரிவில் இருப்பவருக்கு அடுத்த பிரிவில் நடப்பது தெரியாது. முகூர்த்த நாட்களில் ஆள் போதாவிட்டால் விருந்து மண்டபத்துக்கு முதலில் இழுக்கப்படுவதும் பயிற்சி மாணவர்தான். ஆறு மாதமும் மேசை நாப்கின் மடித்து, எச்சில் தட்டு எடுத்து, சான்றிதழை வாங்கிக்கொண்டு போனவர்களை அறிவேன். அதைப் பயிற்சி என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பாசிக்குடாவுக்கு வருபவர் கடலுக்காக வருகிறார், சில நாட்கள் தங்குகிறார். காலையுணவில் பார்த்த அதே முகத்தை இரவும் பார்ப்பீர்கள். முதல் நாள் ஏசி சரியில்லை என்று சொன்னவர் மூன்றாம் நாளும் உங்கள் எதிரே இருப்பார். சமாளித்து அனுப்பிவிட முடியாது, சரிசெய்துதான் ஆகவேண்டும். ஆட்கள் குறைவான விடுதியில் இன்று வரவேற்பு, நாளை உணவுப் பரிமாறல் என்று நாலும் பழகலாம். போதாததற்கு அது உங்கள் மண். போர்த்துக்கேயர் 1628இல் கட்டிய மட்டக்களப்புக் கோட்டையை ஒல்லாந்தர் பத்தே ஆண்டில் பிடித்ததையும், வாவியின் பாடும் மீன்களையும் உங்களைப் போல் யார் சொல்லப் போகிறார்கள்?

பலர் கவனிக்காமல் விடுவது பருவத்தை. தென், மேற்குக் கரைகளுக்கு நவம்பர் முதல் ஏப்ரல் வரை பருவம். கிழக்குக்கு ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை. வடகீழ்ப் பருவமழை கொட்டும்போது பாசிக்குடாவுக்குப் போனால் காலி நாற்காலிகளைத் துடைக்கத்தான் கற்பீர்கள். கொழும்புக்கு வியாபாரப் பயணிகள் ஆண்டு முழுவதும் வருவதால் இந்தச் சிக்கல் அவ்வளவாக இல்லை.

மொழியையும் சொல்லவேண்டும். கொழும்பு ஹோட்டல்களின் சமையலறையிலும் பின்கட்டிலும் ஓடுவது பெரும்பாலும் சிங்களம். முதல் மாதம் திணறுவீர்கள், பிறகு சரளமாகிவிடும். அண்மைய ஆண்டுகளில் இலங்கைக்கு அதிகம் வருபவர்கள் இந்தியர்கள் என்பதால் உங்கள் தமிழுக்கும் முன்மேசையில் மதிப்பு உண்டு.

செலவு வேறு. வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ உறவினர் வீடு இல்லையென்றால், போர்டிங் வாடகை உதவித்தொகையை விழுங்கிவிடும். கடலோர விடுதிகள் பல தங்குமிடமும் சாப்பாடும் தருகின்றன. "பெண் பிள்ளையை ஹோட்டலுக்கா அனுப்புவது" என்று வீட்டில் முணுமுணுப்பு இருந்தால், இரவுப் பணி முடிந்ததும் வாகனம் தருவார்களா என்று கேட்டு அறிந்து சொல்லுங்கள். பெற்றோருக்கு மற்ற எல்லா விளக்கத்தையும் விட அந்தப் பதில்தான் வேண்டும்.

ஆகவே பயிற்சி மே மாதமளவில் தொடங்கினால் பாசிக்குடா, நவம்பரில் என்றால் கொழும்பு. எங்கே போனாலும் நேர்முகத்தேர்வில், எந்தெந்தப் பிரிவில் எத்தனை வாரம் என்று கேட்டு, அதை எழுத்தில் வாங்குங்கள். "வந்த பிறகு பார்க்கலாம்" என்றால் அடுத்த ஹோட்டலுக்கு விண்ணப்பத்தை அனுப்பிவிடுங்கள்.