எரிபொருளுக்குப் போகும் மக்காச்சோளம்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: பெரம்பலூர் பக்கம் மானாவாரியில் மக்காச்சோளம் பயிரிடுகிறேன். பெட்ரோலில் கலக்கும் எத்தனாலைத் தயாரிக்கும் ஆலைகள் வாங்கத் தொடங்கிய பிறகு ஓரளவு விலை கிடைக்கிறது. ஆனால், தின்னும் தானியத்தை வண்டி ஓட்டுவதற்கு விற்பது பாவம் என்கிறாள் கல்லூரியில் படிக்கும் என் மகள். அவளுக்கு என்ன பதில் சொல்வது?

பதில்: உங்கள் மகளின் கேள்வி நியாயமானதுதான். ஆனால் அதற்குப் பதில் சொல்ல வேண்டியவர்களின் வரிசையில் நீங்கள் முதல் ஆள் அல்லர். தமிழ்நாட்டு மக்காச்சோளத்தின் பெரும்பகுதி நம் தட்டுக்கு நேரடியாக வருவதில்லை. நாமக்கல் போன்ற இடங்களின் கோழிப்பண்ணைகளுக்குத் தீவனமாகச் சென்று, முட்டையாகவும் கறியாகவும் வருகிறது. கோழித் தீவனத்தில் ஏறத்தாழ பாதி மக்காச்சோளம் என்பதால், அதன் விலை ஏறினால் பண்ணைக்காரரின் செலவு ஏறும். அந்தச் சுமை கடைசியில், முட்டையைத் தவிர வேறு மலிவான புரதம் வாங்க இயலாத வீட்டில் போய் இறங்கும். உங்கள் மகள் பாவம் என்று எதைச் சொல்கிறாரோ, அது இந்த இடத்தில்தான் இருக்கிறது.

இந்தப் போட்டியை உண்டாக்கியவர் உழவர் அல்லர். பெட்ரோலில் 20 விழுக்காடு எத்தனால் கலக்க வேண்டும் என்ற இலக்கை, 2018ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை 2030க்கு வைத்திருந்தது. பின்னர் அரசு அதை 2025-26க்கு முன்னிழுத்தது. தொடக்கத்தில் சர்க்கரை ஆலைக் கழிவுப்பாகே முதன்மை மூலப்பொருளாக இருந்தது. எத்தனால் வடிக்கும் ஆலைகளுக்கு இந்திய உணவுக் கழகம் கொடுத்துவந்த அரிசி 2023 ஜூலையில் நிறுத்தப்பட்டது. அதே ஆண்டு டிசம்பரில், சர்க்கரை உற்பத்தி குறையும் என்ற அச்சத்தில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுப்பதற்கும் கட்டுப்பாடு வந்தது. இலக்கு மட்டும் அப்படியே நின்றதால், பாரம் பெரிதும் மக்காச்சோளத்தின் மேல் விழுந்தது. விளைவாக, மக்காச்சோளத்தை ஏற்றுமதி செய்துவந்த இந்தியா 2024இல் மியான்மரிலிருந்தும் உக்ரைனிலிருந்தும் அதை வாங்கியது. கச்சா எண்ணெய் இறக்குமதியைக் குறைக்கத் தொடங்கிய ஒரு திட்டம் தானிய இறக்குமதியில் வந்து நின்றதை வெற்றி என்று எழுத என்னால் இயலவில்லை.

உங்கள் வயலுக்கு வருவோம். மழையை நம்பிக் கரிசல் மண்ணில் விளைவதும், ஆழ்துளைக் கிணற்றை வற்றவைத்து விளைவதும் ஒரே பயிரானாலும், நிலத்தடி நீர்க் கணக்கில் இரண்டும் வேறுவேறு. அதே நிலத்தில் முன்பு பருத்தி இருந்ததா, சின்ன வெங்காயம் இருந்ததா, வீட்டுக்கான கம்பும் துவரையும் இருந்தனவா என்பதையும் பார்க்க வேண்டும். உணவுப் பயிர் முற்றிலும் வெளியேறிவிட்டால், விலை சரியும் ஆண்டில் கையில் காசும் இராது, குதிரில் தானியமும் இராது. ஒரு டன் மக்காச்சோளத்திலிருந்து சுமார் 380 லிட்டர் எத்தனால் கிடைக்கும். மாவுச்சத்து போக எஞ்சும் சக்கை, எடையில் மூன்றில் ஒரு பங்கு அளவுக்கு, உலர்த்தப்பட்டுத் தீவனமாகத் திரும்புகிறது. ஆகவே போகும் தானியம் முழுவதும் இழப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் ஈரத்தோடு சேமித்துப் பூஞ்சை பிடித்த தானியத்தின் நஞ்சு அந்தச் சக்கையில் செறிந்துவிடும். நன்றாகக் காயவைத்து விற்பது உங்கள் கையில் இருக்கும் அறம். விலை கொடுப்பவருக்கு விற்பதில் குற்றவுணர்வு கொள்ள வேண்டியதில்லை.

கேள்வி: 20 விழுக்காடு எத்தனால் கலந்த இ-20 பெட்ரோலால் என் பழைய ஸ்கூட்டருக்கு மைலேஜ் குறைந்துவிட்டது. சுற்றுச்சூழலுக்காவது நல்லதா? (சென்னை வாசகர்)

பதில்: எத்தனாலின் எரியாற்றல் பெட்ரோலைவிட மூன்றில் ஒரு பங்கு குறைவு, எனவே ஓரளவு குறைவது இயல்பே. பழைய வடிவமைப்பிலான இருசக்கர வாகனங்களில் 3 முதல் 4 விழுக்காடு குறையலாம் என்று 2021இல் நிதி ஆயோக்கின் அறிக்கையே மதிப்பிட்டது. பெட்ரோலோடு ஒப்பிட்டால், கரும்பு எத்தனாலில் புவியைச் சூடாக்கும் பசுங்குடில் வாயு 65 விழுக்காடும் மக்காச்சோள எத்தனாலில் 50 விழுக்காடும் குறைவு என்பது அரசு எடுத்துக்காட்டும் கணக்கு. இத்தகைய கணக்குகள் உரம், நீரிறைக்கும் மின்சாரம், நிலப் பயன்பாட்டு மாற்றம் ஆகியவற்றை எப்படிச் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்துப் பெரிதும் மாறும். மேலும் கார்பன் ஒன்றே சுற்றுச்சூழல் ஆகிவிடாது: கரும்பு வழியில் ஒரு லிட்டர் எத்தனாலுக்கு 2,860 லிட்டர் தண்ணீர் தேவை என்பதும் மேற்சொன்ன அதே அறிக்கையில் இருக்கிறது. எந்தப் பயிரிலிருந்து வந்தது என்று பார்த்து வாங்கும் வசதி பங்க்கில் இல்லாத நிலையில், ஸ்கூட்டரைக் குறைவாக எடுப்பதும் பேருந்தில் போவதும்தான் நுகர்வோரிடம் மிச்சமிருக்கும் தேர்வு.

கேள்வி: தரிசு நிலத்தில் காட்டாமணக்கு நட்டால் டீசல் கிடைக்கும் என்றார்களே, அது என்ன ஆயிற்று? (சிவகங்கை வாசகர்)

பதில்: 2003இல் மத்திய அரசின் திட்டக் குழு அதைப் பெரிதாக முன்னிறுத்தியது. நீர் பாய்ச்சாத இடத்தில் செடி உயிரோடு இருந்ததே தவிர, எதிர்பார்த்த விளைச்சலைத் தரவில்லை. அதன் பிண்ணாக்கு நஞ்சு; மாட்டுக்கும் உதவாது. அரசு ஏட்டில் தரிசு என்றிருந்த நிலங்களில் பல, ஆடு மேய்ந்துவந்த புறம்போக்குகள் என்பதை இன்னொரு திட்டம் வரும்போதாவது நினைவில் வைக்க வேண்டும்.

கேள்வி: பலகாரம் சுட்ட எண்ணெயை டீசலாக மாற்றுகிறார்களாமே? வீட்டு எண்ணெயையும் கொடுக்கலாமா? (மதுரை வாசகி)

பதில்: மாற்றுகிறார்கள். எண்ணெயோடு மெத்தனாலும் வினையூக்கியும் சேர்த்தால் பயோடீசலும் கிளிசரினும் பிரியும். புதிதாக ஒரு சென்ட் நிலமும் கேட்காத எரிபொருள் என்பதால், இன்று பேசிய அனைத்திலும் என் வாக்கு இதற்கே. திரும்பத் திரும்பக் காய்ச்சிய எண்ணெயில் உண்டாகும் துருவச் சேர்மங்கள் (எண்ணெய் சிதைவதால் வரும் பொருள்கள்) 25 விழுக்காட்டைத் தாண்டினால் அதை உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2018இல் வரம்பு விதித்து, அப்படிப்பட்ட எண்ணெயைச் சேகரித்து பயோடீசலாக்கும் திட்டத்தையும் தொடங்கியது. பெரிய உணவகங்களின் பழைய எண்ணெய் மலிவு விலையில் தெருவோரக் கடைகளுக்குப் போவதைத் தடுப்பதுதான் அதன் பெரும் பயன். வீட்டில் மிஞ்சுவது கொஞ்சமே. ஒரே வீட்டுக்காக யாரும் வண்டி அனுப்ப மாட்டார்கள். ஆறவைத்து, வடிகட்டி, மூடியுள்ள டின்னில் சேர்த்து வையுங்கள். குடியிருப்பில் பத்து வீட்டார் சேர்ந்தால், சேகரிக்கும் நிறுவனத்தை அழைக்கலாம். அதுவரை அங்கணத்தில் மட்டும் ஊற்றாதீர்கள். குழாயில் உறைந்து அடைத்துக்கொள்ளும்.